63 ஃபோல்டர்களை ஒரே ஸ்கிரிப்டில் ஏற்றப் போய் நான் பட்ட பாடு

என் பழைய லேப்டாப்பின் டிஸ்க் போகிற நிலையில் இருந்தது. ஒரு கோப்பைத் திறக்க அரை நிமிடம் ஆகும், சில சமயம் திறக்காமலே போகும். ஏழெட்டு வருட வேலை அதில்தான் இருந்தது. ஒரே ஒரு பெரிய ஃபோல்டர், அதற்குள் 63 ஃபோல்டர்கள். சில வாடிக்கையாளர்களுக்குச் செய்து கொடுத்தவை, சில நானாகக் கற்றுக்கொள்ள எழுதியவை, சில பாதியில் விட்டவை. பெரும்பாலானவற்றில் கிட் (கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கருவி) போட்டு வைத்திருந்தேன், ஆனால் எதுவுமே வெளியே எங்கும் ஏறியிருக்கவில்லை. நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்துக்குள் போய், புதிய ரெப்போ (ஒரு ப்ராஜெக்டின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் கிடங்கு) பொத்தானை அழுத்தி, பெயர் கொடுத்து, முகவரியை நகலெடுத்து, டெர்மினலில் ஒட்டி, புஷ் செய்ய, அதாவது கோப்புகளை ஏற்ற, ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடமாவது பிடிக்கும். 63 தடவை இதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் இரவோடு இரவாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த இரவு எனக்கு இரண்டு மாத வருமானத்தையும், ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கையில் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு போனது. இதே வேலையை யோசித்துக்கொண்டிருக்கும் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எனக்கே தெளிவில்லாமல் இருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலேயே ஒரு மணி நேரம் போனது. கிட் என்ற கருவிக்கு ரிமோட்டில், அதாவது வெளியே உள்ள சர்வரில், ரெப்போ உருவாக்கத் தெரியாது. 'கிட் ரிமோட் ஆட் ஆரிஜின்' என்று அடித்து ஒரு முகவரி கொடுத்தால், அந்த முகவரியை உங்கள் கணினியில் உள்ள கான்ஃபிக் கோப்பில் எழுதி வைக்கும், அவ்வளவுதான். அந்த முகவரியில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று அது போய்ப் பார்ப்பதில்லை. புஷ் செய்யும்போதுதான் 'ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்' என்று வந்து நிற்கும். உங்களுக்கே சொந்தமான சர்வர் இருந்தால் எஸ்எஸ்எச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக அங்கே போய் 'கிட் இனிட் --பேர்' போட்டுக்கொள்ளலாம், அது சுலபம். கிட்லேப் என்ற தளத்தில் இல்லாத பெயருக்குப் புஷ் செய்தாலே அது பிரைவேட்டாகப் புது ரெப்போவை உருவாக்கிக்கொள்ளும். மற்றபடி கிட்ஹப் மாதிரியான தளங்களில் ரெப்போவை உருவாக்குவது கிட்டின் வேலை இல்லை, அந்தத் தளத்தின் ஏபிஐ (மற்ற நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) செய்யும் வேலை. கமாண்ட் லைனில் இருந்து செய்வது என்றால் கர்ல் (இணையக் கோரிக்கை அனுப்பும் கருவி) வைத்து அந்த ஏபிஐ-க்கு ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்பவேண்டும், அல்லது தளமே தரும் கமாண்ட் லைன் கருவியைப் பயன்படுத்தவேண்டும்.

நான் கர்லைத் தேர்ந்தெடுத்தேன். எப்போதோ குறித்து வைத்திருந்த பழைய வரி ஒன்று இருந்தது, அதில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து அனுப்பும்படி இருந்தது. அது வேலை செய்யவில்லை. இப்படிப்பட்ட பழைய குறிப்பு உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடுங்கள். கிட்ஹப்பை எடுத்துக்கொண்டால் ஏபிஐ-யில் பாஸ்வேர்டு முறை 2020 நவம்பர் 13-இல் நின்றுவிட்டது, புஷ், புல் போன்ற கிட் வேலைகளுக்கும் 2021 ஆகஸ்ட் 13-இல் நின்றுவிட்டது. இப்போது டோக்கன்தான், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தளம் உருவாக்கித் தரும் ரகசியக் குறியீடு. சரி என்று டோக்கன் உருவாக்கப் போனேன். எந்தெந்த அனுமதி வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் வந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று படித்துப் பார்க்கப் பொறுமை இல்லாமல் எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டேன். ரெப்போவை அழிக்கும் அனுமதி உட்பட. அந்த டோக்கனை ஸ்கிரிப்டின் இரண்டாவது வரியிலேயே ஒட்டினேன்.

ஸ்கிரிப்ட் பத்துப் பன்னிரண்டு வரிதான். ஒவ்வொரு ஃபோல்டராகப் போ, அதன் பெயரைப் போட்டு ரெப்போ உருவாக்கு, ரீட்மீ கோப்பின் (ப்ராஜெக்டைப் பற்றிய அறிமுகக் கோப்பு) முதல் வரியை விளக்கமாகச் சேர், ரிமோட் சேர், புஷ் செய், அடுத்ததுக்குப் போ. கடைசியில் 'எல்லாம் முடிந்தது' என்று ஒரு வரி. ஒரு சின்ன ஃபோல்டரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ரெப்போ வந்தது, கோப்புகளும் வந்தன. தளத்தில் போய்ப் பார்த்தபோது ரெப்போவின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக, சாம்பல் நிறத்தில், ஒரு வட்டக் கட்டத்துக்குள் 'பப்ளிக்' என்று எழுதியிருந்தது. அன்று அது என் கண்ணில் படவில்லை. நாமே உரிமையாளராக உள்ளே நுழைந்து பார்க்கும்போது பப்ளிக்கும் பிரைவேட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும், அந்த ஒரு சொல்தான் வித்தியாசம். இரவு 10:40-க்கு முழு ஃபோல்டரையும் கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டினேன். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்ததும் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலை ஏழரைக்கு எழுந்தபோது, சர்வர்களை வாடகைக்கு எடுக்கும் என் கிளவுட் கணக்கிலிருந்து மூன்று மெயில்கள். வழக்கத்துக்கு மாறான பயன்பாடு என்று. உள்ளே போய்ப் பார்த்தால், நான் ஒருநாளும் தொட்டிராத மண்டலங்களில் பெரிய பெரிய சர்வர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. எனக்குக் கை நடுங்கியது. இரவு ஓட்டிய ஸ்கிரிப்ட் உடனே ஞாபகத்துக்கு வந்தது. தளத்தைத் திறந்து, இந்தத் தடவை லாகின் செய்யாமல், வேறு பிரவுசரில் என் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் வரிசையாக, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தன. என் ஸ்கிரிப்டில் பெயரும் விளக்கமும் மட்டும்தான் அனுப்பியிருந்தேன், பிரைவேட் என்று எங்குமே சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தளம் என்ன எடுத்துக்கொள்ளும் என்று நான் பார்க்கவே இல்லை. ஏபிஐ ஆவணத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. கிட்ஹப் ஏபிஐ-யிலும் இதே கதைதான். பிரைவேட் என்ற புலத்தை விட்டுவிட்டால் அதை ஃபால்ஸ் என்று எடுத்துக்கொள்ளும், அப்படியென்றால் பப்ளிக்.

இங்கேதான் நான் இரண்டாவது பெரிய தவறைச் செய்தேன், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பதற்றத்தில் ஒவ்வொரு ரெப்போவாகத் திறந்து அமைப்புகளுக்குப் போய் பிரைவேட்டாக மாற்ற ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் பெயரைத் திரும்ப அடித்து உறுதி செய்யச் சொல்கிறது. நாற்பது நிமிடம் அதிலேயே போனது. அந்த நாற்பது நிமிடமும், ரெப்போ வழியாகக் கசிந்த என் கிளவுட் கணக்கின் சாவி (கணக்கைத் திறக்கும் ரகசியக் குறியீடு) உயிரோடுதான் இருந்தது, சர்வர்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு சாவி வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் முதல் வேலை அந்தச் சாவியை ரத்து செய்வது. ரெப்போவை மூடுவது, அழிப்பது, வரலாற்றைச் சுத்தம் செய்வது எல்லாம் அப்புறம். பப்ளிக்காக இருந்த நேரத்தில் யாராவது நகலெடுத்திருந்தால், அதன் பிறகு நீங்கள் மூடினாலும் அழித்தாலும் அந்த நகல் அவர்களிடம்தான் இருக்கும். ரத்து செய்த சாவி மட்டும்தான் யாருக்கும் பயன்படாது. எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஆனால் பதறும்போது கை எதைப் பார்க்கிறதோ அதைத்தான் செய்கிறது.

அந்தச் சாவி எப்படிப் போனது என்பது எனக்கு மதியம்தான் புரிந்தது. எந்தப் ப்ராஜெக்டிலும் .என்வ் கோப்பை (சாவிகளையும் பாஸ்வேர்டுகளையும் வைக்கும் கோப்பு) கமிட் செய்யக்கூடாது, அதாவது கிட்டின் வரலாற்றில் பதியக்கூடாது என்பதில் நான் கறாராக இருந்தவன், கிட் எதையெல்லாம் ஒதுக்கவேண்டும் என்று சொல்லும் .கிட்இக்னோர் கோப்பில் முதல் வரியே அதுதான். பிறகு எப்படி? 63 ஃபோல்டர்களில் ஆறில் கிட்டே போட்டிருக்கவில்லை. ஒரு ஃபோல்டரில் .கிட் (கிட் தன் பதிவுகளை வைக்கும் மறைவான ஃபோல்டர்) இல்லையென்றால், கிட் அங்கேயே நின்றுவிடாது, ஒவ்வொரு படியாக மேலே ஏறி ஏதாவது ஒரு .கிட் கிடைக்கிறதா என்று தேடும். என் துரதிர்ஷ்டம், எல்லாவற்றையும் வைத்திருந்த அந்தப் பெரிய ஃபோல்டரிலேயே ஒரு .கிட் இருந்தது. பல வருடங்களுக்கு முன் தவறான இடத்தில் நின்றுகொண்டு 'கிட் இனிட்' அடித்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கமிட்டும் போட்டு, பிறகு மறந்தே போயிருக்கிறேன். அந்தக் கமிட்டில் ஒரு வாடிக்கையாளரின் ப்ராஜெக்டும், அதில் என் கிளவுட் சாவி இருந்த .என்வ் கோப்பும் அப்படியே இருந்தன. ஸ்கிரிப்ட் அந்த ஆறில் முதலாவதற்குள் போய் ரிமோட் சேர்த்தபோது, அது மேலே இருந்த பெரிய ரெப்போவுக்குத்தான் சேர்ந்தது. அப்புறம் புஷ். எந்தப் பிழையும் வரவில்லை, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒரு சாதாரண ப்ராஜெக்டின் பெயரில் என் மொத்த வாழ்க்கையும் வெளியே போனது.

இதற்கு ஒரு வரி போதும். ரிமோட் சேர்ப்பதற்கு முன் 'கிட் ரெவ்-பார்ஸ் --ஷோ-டாப்லெவல்' என்று அடித்தால், கிட் எந்த ஃபோல்டரைத் தன் ரெப்போவின் தலையாக நினைக்கிறது என்று முழுப் பாதையோடு சொல்லும். அந்தப் பாதையும் நீங்கள் நிற்கும் ஃபோல்டரின் பாதையும் ஒன்றாக இருந்தால் மட்டும் மேலே போங்கள், இல்லாவிட்டால் அந்த ஃபோல்டரை விட்டுவிட்டுப் பெயரை எழுதி வையுங்கள். இன்றைக்கும் என் ஸ்கிரிப்டில் ஒரு வரிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இந்த வரியைத்தான் வைத்துக்கொள்வேன்.

அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கொடுத்தது 63 ஃபோல்டர். தளத்தில் இருந்தது 58 ரெப்போ. அதில் ஒழுங்காக இருந்தது 41 மட்டும்தான். திரையில் கடைசி வரி என்னவோ 'எல்லாம் முடிந்தது' என்றுதான் சொன்னது. ஒன்பது ஃபோல்டர்களின் ரீட்மீ முதல் வரியில் மேற்கோள் குறி இருந்தது, அது நான் கையால் ஒட்டிக் கட்டிய ஜேசனை (ஏபிஐ-க்கு விவரங்களை அனுப்பும் எழுத்து வடிவம்) உடைத்துவிட்டது, தளம் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. நான்கு ஃபோல்டர்களின் பெயரில் இடைவெளி இருந்ததால் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பெயரையும் இரண்டாகப் பிய்த்து, அரைப் பெயர்களில் எட்டு வெற்று ரெப்போக்களை உருவாக்கியிருந்தது. மூன்றில் தளம் ஏற்காத அளவுக்குப் பெரிய கோப்பு இருந்ததால் ரெப்போ இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. கிட்ஹப்பில் இந்த வரம்பு ஒரு கோப்புக்கு 100 எம்பி. கிட் போடாத அந்த ஆறைப் பற்றித்தான் மேலே சொல்லிவிட்டேன்.

இவ்வளவு தோல்வியும் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், கர்லின் குணம் எனக்குத் தெரியாமல் இருந்ததுதான். சர்வர் 'முடியாது' என்று பதில் சொன்னாலும் கர்லைப் பொறுத்தவரை பதில் வந்துவிட்டது, எனவே வெற்றி. ஷெல்லுக்கு அது பூஜ்யத்தைத்தான் திருப்பித் தரும், பிழை என்று காட்டாது. '--ஃபெயில்' கொடுத்தால்தான் 400-உம் அதற்கு மேற்பட்டதுமான பதில் எண்களைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும். ஏன் தோற்றது என்ற செய்தியும் வேண்டுமென்றால் புதிய பதிப்புகளில் '--ஃபெயில்-வித்-பாடி' இருக்கிறது. நான் இப்போது பதிலின் எண்ணையே எடுத்துப் பார்க்கிறேன். கிட்ஹப்பில் 201 வந்தால் ரெப்போ உருவாகிவிட்டது. 401 என்றால் டோக்கன் சரியில்லை. 422 என்றால் அனுப்பிய விவரத்தில் கோளாறு, பெரும்பாலும் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். 404 வந்தால் முகவரியை மட்டும் சந்தேகப்படாதீர்கள், அனுமதி இல்லாத இடத்துக்கும் அது 404 தரும். 201 தவிர எது வந்தாலும் என் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -இயூஓ பைப்ஃபெயில்' போட்டால், ஒரு கட்டளை தோற்றால் பொதுவாக ஸ்கிரிப்டும் அங்கேயே நின்றுவிடும். மாறிகளை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுவது, ஃபோல்டர் பட்டியலை எல்எஸ் கட்டளையின் வெளியீட்டில் இருந்து எடுக்காமல் ஷெல்லின் நட்சத்திரக் குறி வைத்து எடுப்பது ஆகிய இரண்டும் இடைவெளிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். ஜேசனைக் கையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஜேக்யூ என்ற சின்னக் கருவி இருக்கிறது, பெயரையும் விளக்கத்தையும் அதனிடம் கொடுத்தால் மேற்கோள் குறி, வரி முறிவு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

டோக்கன் விஷயத்தில் எனக்குச் சேதம் எதுவும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கலாம். அந்த ஸ்கிரிப்டே 63 ஃபோல்டர்களில் ஒன்றில்தான் இருந்தது. அன்று அதைக் கமிட் செய்ய மறந்திருந்தேன் என்ற ஒரே காரணத்தால் டோக்கன் வெளியே போகவில்லை. செய்திருந்தால், எல்லா அனுமதியும் உள்ள டோக்கன், ரெப்போக்களை அழிக்கும் அனுமதியோடு, ஊரறிய இருந்திருக்கும். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. டோக்கனை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள். கமாண்ட் லைனில் நேராகவும் அடிக்காதீர்கள், ஷெல் வரலாற்றில் தங்கிவிடும், அதே கணினியில் இருக்கும் மற்றவர்களுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளைக் காட்டும் பீஎஸ் கட்டளையில் தெரியவும் கூடும். ரிமோட் முகவரிக்குள் டோக்கனை ஒட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது .கிட் ஃபோல்டரின் கான்ஃபிக் கோப்பில் அப்படியே எழுத்தாக நிற்கும். நீங்கள் மட்டும் படிக்கக்கூடிய ஒரு கோப்பில் வைத்து அங்கிருந்து எடுங்கள், புஷ் செய்வதற்கு எஸ்எஸ்எச் சாவியைப் பயன்படுத்துங்கள். காலாவதி தேதியைக் குறுகியதாக வையுங்கள். இப்படி ஒருநாள் வேலைக்கு ஒரு வாரம் போதும். அழிக்கும் அனுமதி ரெப்போ உருவாக்கத் தேவையே இல்லை.

கிட்ஹப் மட்டும்தான் உங்கள் இடம் என்றால் இவ்வளவு சிரமமும் வேண்டாம், 'ஜிஎச்' என்ற அதன் அதிகாரபூர்வக் கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். 'ஜிஎச் ரெப்போ கிரியேட்' என்று சொல்லி, பெயரும் '--பிரைவேட்', '--சோர்ஸ்', '--புஷ்' ஆகியவையும் கொடுத்தால் உருவாக்கி, ரிமோட் சேர்த்து, ஏற்றியும் முடித்துவிடும். எனக்கு அதில் பிடித்தது, ஸ்கிரிப்டில் இருந்து ஓட்டும்போது பப்ளிக்கா பிரைவேட்டா என்று சொல்லாமல் விட்டால் அது உருவாக்கவே மறுக்கும். அந்த ஒரு கட்டாயம் அன்று எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனாலும் '--புஷ்' கொடுக்காமல், உருவாக்குவதையும் ஏற்றுவதையும் இரண்டு தனி வேலையாகவே வைத்துக்கொள்கிறேன். நடுவில் ஒருமுறை ரெப்போவின் விவரத்தை ஏபிஐ-யிடம் திருப்பிக் கேட்டு, அது உண்மையிலேயே பிரைவேட்தானா என்று பார்த்த பிறகுதான் புஷ். நாம் அனுப்பியதை நம்பக்கூடாது, அங்கே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு. ரெப்போ உருவாக்கும்போதே ரீட்மீ போட்டுத் தரும் வசதியைத் தொடாதீர்கள். அங்கே ஒரு கமிட் முன்பே இருந்தால் உங்கள் முதல் புஷ் நிராகரிக்கப்படும், கடுப்பில் ஃபோர்ஸ் (அங்கே இருப்பதை மேலெழுதும் புஷ்) போடத் தோன்றும். பழைய ப்ராஜெக்டுகளில் கிளையின் பெயர் மாஸ்டராக இருக்கும், 2020-க்குப் பிறகானவற்றில் மெயினாகவும் இருக்கலாம், ஆகவே பெயரை ஸ்கிரிப்டில் கட்டிப் போடாதீர்கள். '--ஆல்' எல்லாக் கிளைகளையும் அனுப்பும், டேகுகளை (குறிப்பிட்ட பதிப்புகளுக்கு இட்ட பெயர்கள்) அனுப்பாது, '--டேக்ஸ்' என்று தனியாக இன்னொரு புஷ் வேண்டும். நிறைய ரெப்போ என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓரிரு நொடி நிறுத்துங்கள். கிட்ஹப்பில் ஒரு மணி நேரத்துக்கு 5,000 கோரிக்கை என்ற வரம்பைப் பார்த்துத் தாராளமாக இருக்கிறது என்று நினைப்போம், ஆனால் புதிதாக எதையாவது உருவாக்கும் கோரிக்கைகளுக்கு நிமிடத்துக்கு 80, மணிக்கு 500 என்று தனி வரம்பு உண்டு.

பில்லில் பாதிக்கும் மேலாகத் தள்ளுபடி கேட்டு வாங்கினேன், அதற்கு மூன்று வாரம் மெயிலிலேயே கழிந்தது. மீதிதான் அந்த இரண்டு மாத வருமானம். அதைவிடக் கஷ்டமாக இருந்தது அந்த வாடிக்கையாளருக்குப் போன் செய்தது. உங்கள் நிரல் ஒன்பது மணி நேரம் வெளியே கிடந்தது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் சொன்னேன், எந்தக் கோப்புகள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுத்தாகவும் அனுப்பினேன். அவர் கோபப்பட்டார், நியாயம்தான். அவர்கள் பக்கத்துப் பாஸ்வேர்டுகளை அன்றைக்கே மாற்றிக்கொண்டார்கள். நான் தள்ளிப் போட்டிருந்தால் அதற்கும் நேரம் இருந்திருக்காது.

போன வாரம் ஏழு புதிய ஃபோல்டர்களை வேறொரு தளத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. இப்போதைய ஸ்கிரிப்ட் முதலில் எதையும் செய்யாமல் என்ன செய்யப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். எண்ணிக்கையை நான் கையால் அடித்தால்தான் ஆரம்பிக்கும், அதுவும் ஒரே ஒரு ரெப்போவை உருவாக்கிச் சரிபார்த்துவிட்டு நிற்கும். அன்று அந்த முதல் ரெப்போவிலேயே நின்றுவிட்டது. 201 வந்திருக்கிறது, ஆனால் திருப்பிக் கேட்டால் பப்ளிக் என்கிறது. தளம் மாறியதால் புலத்தின் பெயரை மாற்றி எழுதியபோது ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருந்தேன், தளம் தனக்குத் தெரியாத அந்தப் புலத்தைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது. ரெப்போ காலியாகத்தான் இருந்தது. தளத்துக்குள் போய் என் கையாலேயே அதை அழித்தேன், அந்த எழுத்தைத் திருத்தினேன், மறுபடி முதலில் இருந்து ஓட்டினேன்.